நந்தாதேவிக்கும் சுனந்தாதேவிக்கும் இடையே

நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் எங்கள் வகுப்பாரைக் கேட்டபோது, பாடசாலையின் வரலாற்றையே எதிர்பார்த்திருப்பார்கள். அதை எங்களைவிட மூத்த அக்காமார் எழுதுகிறார்கள். அவர்களிடம் நினைவும் உண்டு, ஆவணமும் உண்டு. 1990ஆம் ஆண்டில் ஒன்பதாம் ஆண்டு வகுப்பில் இருந்த எங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு மணல்மேடு மாத்திரமே. ஆகவே அந்த மணல்மேட்டின் வரலாற்றை எழுதுகிறோம்.

அந்த வருடம் புவியியலில் சமவுயரக்கோடு படிக்கவேண்டி இருந்தது. கரம்பொன்னில் அதைப் படிப்பிப்பது இலகுவான காரியமல்ல. எங்கள் தீவின் வரைபடத்தில் நூறடிச் சமவுயரக்கோடு ஒன்றுகூட விழாது. ஊரில் உயரமான இடம் எது என்று கேட்டிருந்தால் கோயிற் கோபுரம் என்போம், தேவாலயத்து மணிக்கூண்டு என்போம், இல்லாவிட்டால் பனை வட்டைக் காட்டுவோம். மலை என்பது எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு கபில நிறம். எங்கள் புவியியல் ரீச்சர் இரண்டு பேரை உரப்பையுடன் கடற்கரைக்கு அனுப்பி மணல் அள்ளிவரச் செய்தார். அதை விறாந்தைக்கு முன்னால் கொட்டி, தண்ணீர் தெளித்து இறுக்கி, இரண்டு முடிகள் வைத்தார். ஒன்று கொஞ்சம் பெரிது, மற்றது சிறிது. நடுவில் உள்ளங்கையால் அழுத்தினார்.

"இது நந்தாதேவி. பக்கத்தில நிக்கிறது அவவின்ரை தங்கச்சி. நடுவில பணிஞ்சு கிடக்குதே, அதுக்குப் பேர் சேணம்."

பிறகு தும்புக்கயிற்றை மட்டம் மட்டமாகச் சுற்றிச் சமவுயரக்கோடு காட்டினார். ஓர் ஈர்க்கை எடுத்து, பெரிய முடியிலிருந்து சின்ன முடிவரைக்கும் மேல் விளிம்பாலேயே ஒரு கோடு இழுத்து, இப்படியும் ஆட்கள் போவார்கள் என்றார். அப்போது எங்களில் ஒருத்தி கேட்டாள்: "ரீச்சர், நடுவில நிண்டு ஏலாமல் போச்செண்டால் என்ன செய்யிறது?"

ரீச்சர் கொஞ்சம் யோசித்தார். "திரும்பி வாறதும் அவ்வளவு தூரம், போறதும் அவ்வளவு தூரம். அப்ப மற்றப் பக்கத்தில ஆரும் நிக்கவேணும், பிள்ளை."

அந்த வருடம் யூன் மாதத்தில் யுத்தம் திரும்பவும் தொடங்கியது. 1991 முடிவதற்குள் நாங்கள் எல்லோரும் தீவைவிட்டு வெளியேறிவிட்டோம். மணல் மலையை யார் கலைத்தார்கள் என்று தெரியாது. மழையாக இருக்கவேண்டும்.

இன்று எங்களில் வைத்தியர், ஆசிரியை, கணக்காளர், கடைக்காரி, இல்லத்தரசி என்று எல்லோரும் உண்டு. இலண்டனில் சிலர், ரொறன்ரோவில் சிலர், ஊரிலேயே சிலர். சில வருடங்களுக்கு முன்னர் எல்லோருமாகத் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி மணல்மேட்டை நினைவூட்டினாள். ரீச்சர் சொன்னதுபோல அந்த முகட்டின் வழியே உண்மையில் யாராவது போனார்களா என்று கேட்டாள். அன்று தேடத் தொடங்கினோம். போனவர்கள் இருக்கிறார்கள்.

நந்தாதேவி இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கிறது. பிரதான சிகரம் 7,816 மீற்றர், கிழக்குச் சிகரம் 7,434 மீற்றர். அங்குள்ள மக்கள் கிழக்குச் சிகரத்தைச் சுனந்தாதேவி என்கிறார்கள். இருவரும் சகோதரிகள். ரீச்சர் தங்கச்சி என்றது விளையாட்டுப் பேச்சு என்றே நாங்கள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தோம். கார்வால், குமாவுன் மக்களுக்கு நந்தா வெறும் தெய்வம் மட்டுமல்ல, கட்டிக்கொடுத்த மகளும் கூட. தாய்வீட்டுக்கு வந்த மகளைக் கைலாயத்திலுள்ள புகுந்த வீட்டுக்கு வழியனுப்பும் யாத்திரை ஒன்று பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் நடக்கிறது. ஊர்ப் பெண்கள் அழுது அழுது அனுப்புவார்களாம். மலையை எங்களைப் போன்ற தட்டை நிலத்தார் பார்ப்பதற்கும் அங்கேயே பிறந்தவர்கள் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரிகிறது. இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் ஊரார் கோபிப்பார்கள். குறிஞ்சியையும் முல்லையையும் பற்றி, சங்கக் கவிதையில் நிலம் எப்படிப் பேசுகிறது என்பதைப் பற்றி, உலகத்துக்கு ஆங்கிலத்தில் நூல் எழுதிச் சொன்ன தனிநாயகம் அடிகளார் 1913இல் பிறந்ததும் எமது கரம்பொன்னில்தான். மலை இல்லாத ஊரிலிருந்து மலையைப் பற்றி எழுத எங்களுக்கு ஒரு முன்னோடி உண்டு என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு சிகரங்களையும் சுற்றி வேறு மலைகள் மதில்போல நிற்கின்றன. மதிலில் உள்ள ஒரே வெடிப்பு ரிஷிகங்கை ஆறு வெளியேறும் ஆழமான பள்ளத்தாக்கு. அதற்குள்ளால் புகுந்து மலையின் அடிவாரத்தை முதலில் எட்டியவர்கள் எரிக் ஷிப்ரனும் டில்மனும். 1934இல் அவர்களோடு போன ஷேர்ப்பாக்கள் மூவர்: அங் தார்க்கே, பசாங், குசாங். 1936 ஓகஸ்ட் 29இல் டில்மனும் ஓடெலும் பிரதான சிகரத்தில் நின்றார்கள். 1950இல் அன்னபூர்ணா ஏறப்படும்வரைக்கும் மனிதர் ஏறிய மிக உயர்ந்த சிகரம் அதுதான்.

எங்களில் வைத்தியம் படித்தவர்களுக்கு அந்த 1936ஆம் ஆண்டுக் கதையில் வேறொருவரைப் பிடிக்கும். சிகரத்துக்குப் போவதாக இருந்தவர் டில்மன் அல்ல, சாள்ஸ் ஹூஸ்ரன் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர். கடைசிக் கூடாரத்தில் பழுதடைந்த தகர இறைச்சியைச் சாப்பிட்டு வயிறு கலங்கி, இறங்கவேண்டி வந்தது. அவருடைய இடத்துக்கே டில்மன் போனார். ஹூஸ்ரன் பிறகு வைத்தியரானார். உயரத்துக்கு விரைந்து ஏறும் ஆரோக்கியமான ஆட்களுக்கும் நுரையீரலில் நீர் கோத்து உயிராபத்து வரலாம் என்பதை 1960இல் அவர் எழுதிய கட்டுரைதான் மேற்கத்தைய மருத்துவத்துக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னது. அதற்கு முன்னர் அதை நியுமோனியா என்றே எழுதிவிடுவார்கள். சிகரத்தைத் தவறவிட்டவர் எத்தனையோ பேரின் உயிர் தப்பக் காரணமானார்.

கிழக்குச் சிகரத்தில் முதலில் ஏறியவர்கள் போலந்துக்காரர். 1939 யூலை 2இல் புயாக், கிளார்னர் என்ற இருவர் ஏறினார்கள். சில நாட்களில் அந்த அணியின் தலைவரும் இன்னொருவரும் பக்கத்து மலையொன்றில் பனிச்சரிவில் புதைந்துபோனார்கள். இரண்டு மாதத்தில் அவர்களின் நாடு யுத்தத்துக்குள் அகப்பட்டது.

இப்படி இரண்டு முடிகளுக்கும் வரலாறு எழுதியாயிற்று. மிச்சம் இருந்தது நடு.

இரண்டு சிகரங்களுக்கும் இடையிலுள்ள முகடு இரண்டு மூன்று கிலோமீற்றர் நீளம். கரம்பொன்னில் இருந்து ஊர்காவற்றுறைக்கு நடந்துபோகிற தூரம், அவ்வளவுதான். ஆனால் அங்கே கடல்மட்டத்தில் கிடைக்கும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குதான் ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும். ஓர் அடி வைத்து நாலைந்து முறை மூச்சு வாங்கவேண்டும். அந்த உயரத்தில் உடம்பு பழகிக்கொள்வதே இல்லை. சாப்பிட மனம் வராது, நித்திரை வராது, நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போகும். ஆகவே நின்று இளைப்பாறலாம் என்பதும் அங்கே செல்லாது.

முகடு என்றால் என்ன என்று எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த ஒரு வழி உண்டு. பனையோலையால் வீடு வேய்கிறவர் முகட்டு வளையின் மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு இருப்பதை நாங்கள் சிறுவயதில் கண்டிருக்கிறோம். அவருக்கு இடப்பக்கமும் சரிவு, வலப்பக்கமும் சரிவு. முன்னால் போகலாம், பின்னால் வரலாம், வேறு போக்கில்லை. அந்த வளையைக் கூரிய பாறையாக நினையுங்கள். அதன் மேல் உறைபனி. காற்று வீசும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாகப் பனி இறவாணம்போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேலிருந்து பார்த்தால் திடமான நிலம்போலத் தெரியும், மிதித்தால் கீழே ஒன்றும் இராது. சில இடங்களில் நிமிர்ந்து நடக்கலாம். சில இடங்களில் கையையும் ஊன்றித் தவழவேண்டும். ஒரே கயிற்றில் பிணைந்து போகும் இருவரில் ஒருவர் ஒரு பக்கம் விழுந்தால், மற்றவர் உடனே எதிர்ப்பக்கம் குதிக்கவேண்டும் என்பது மலையேறிகளின் பழைய பாடம். அப்போதுதான் கயிறு முகட்டில் தொங்கி இருவரும் பிழைப்பார்கள். கேட்க நல்ல பாடம்தான். செய்து பார்க்கிற துணிவு எங்கள் ஒருவருக்கும் இல்லை.

ஒரு மலையில் ஏறுகிறவர் வந்த வழியால் இறங்குவார். காற்தடம் இருக்கும், கூடாரம் இருக்கும், எந்த இடத்தில் கல் பெயரும் என்பது தெரிந்திருக்கும். முகட்டின் வழியே மற்றச் சிகரத்துக்குப் போகிறவர் தெரிந்ததை எல்லாம் முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, தெரியாத பக்கத்தால் இறங்கவேண்டும். அதுவும் களைத்துப்போன பிறகு. பாதி கடந்தபின் திரும்புவதும் ஒன்றுதான், போவதும் ஒன்றுதான். ரீச்சர் சொன்னது மலையேறும் வித்தையின் அடிப்படைக் கணக்கு. அவர் எங்கே படித்தாரோ தெரியாது.

1951இல் பிரான்சின் லியோன் நகரத்திலிருந்து ஓர் அணி வந்தது. தலைவர் றொஜர் டுப்ளா. முகட்டை முழுவதும் கடப்பதே நோக்கம். இமயத்தில் அந்த உயரத்தில் அப்படி ஒன்றை அதுவரை யாரும் முயன்றதில்லை. டுப்ளாவும் இளைஞரான ஜில்பேர் விஞ்ஞும் பிரதான சிகரத்தில் ஏறி, முகட்டால் கிழக்குச் சிகரத்துக்கு வந்து, அதன் மறுபக்கத்தால் இறங்குவது என்று திட்டம். அந்த மறுபக்கத்தில் அவர்களை எதிர்கொண்டு இறக்குவதற்கு இன்னொரு பகுதியினர் நிற்கவேண்டும். அங்கே நின்றவர்களில் லூயி டுபோஸ்ற் ஒருவர். மற்றொருவர் டென்சிங் நோர்கே. எவரெஸ்ற்றுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அப்போது அவரை வெளியுலகத்தில் அதிகம் பேர் அறியார்.

யூன் 29ஆம் திகதி இருவரும் கடைசிக் கூடாரத்திலிருந்து மேலே போனார்கள். சிகரத்தை நெருங்கும் சரிவில் அவர்கள் ஏறிப் போவதைக் கீழே இருந்தவர்கள் கண்டார்கள். பிறகு முகில் மூடியது. அதன்பின் அவர்களை எவரும் காணவில்லை.

கிழக்கே நின்றவர்கள் காத்திருந்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள். வரவேண்டியவர்கள் முகட்டால் வரவில்லை. அந்த நிலையில் என்ன செய்யலாம்? கீழே இறங்கிப்போய்ச் செய்தி சொல்லலாம். அது குற்றமாகாது. டுபோஸ்ற்றும் டென்சிங்கும் மேலே ஏறினார்கள். வருகிறவர்களுக்குத் துணையாக நிற்க வந்தவர்கள், போலந்துக்காரருக்குப் பின் ஒருவரும் ஏறாத கிழக்குச் சிகரத்தின் கூர்மையான தென்முகட்டால் ஏறி, யூலை 6ஆம் திகதி உச்சியில் நின்று மறுபக்கத்தைப் பார்த்தார்கள். முழு முகடும் கண்ணுக்குமுன் கிடந்தது. அதில் ஒரு தடமும் இல்லை.

தான் ஏறியவற்றுள் மிகக் கடினமானது எது என்று பிற்காலத்தில் கேட்டபோது டென்சிங் எவரெஸ்ற்றைச் சொல்லவில்லை. நந்தாதேவி கிழக்கைத்தான் சொன்னார். மலையேறும் நூல்கள் இதற்குப் பாறையின் செங்குத்தையும் பனியின் நிலையையும் காரணமாகக் காட்டுகின்றன. அதுவும் சரியாகவே இருக்கும். ஆட்களைத் தேடி ஏறுகிற ஏற்றத்துக்கு வேறொரு பாரமும் உண்டு என்று நாங்கள் நினைக்கிறோம்.

அதன்பின் அந்த மலையில் நடந்த சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1964இல் இந்திய அணியில் நவாங் கொம்பு பிரதான சிகரத்தில் ஏறினார். 1965இல் அமெரிக்க உளவுத்துறையும் இந்திய உளவுத்துறையும் சேர்ந்து, சீனாவின் அணுச்சோதனைகளைக் கண்காணிக்கவென்று புளுத்தோனியத்தால் இயங்கும் கருவி ஒன்றைச் சிகரத்துக்குக் கொண்டுபோக முயன்று, பனிப்புயலால் பாதிவழியில் கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் அது இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. 1978இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டபோதுதான் அடிவாரத்து மக்களுக்கே அது தெரியவந்தது. மகள் என்று கும்பிட்டு வழியனுப்பிய மலையின் மடியில் அதையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

1975இல் இந்திய பிரெஞ்சுக் கூட்டு அணி இரண்டு சிகரங்களிலும் தனித்தனியே ஏறியது. முகட்டைக் கடக்க முடியவில்லை. அடுத்த வருடம் யூன் மாதத்தில் இந்திய யப்பானிய அணி கடந்தது. ஹசெகாவா, தகாமி என்ற இரு யப்பானியர் கிழக்குச் சிகரத்தில் ஏறி, முகட்டின் வழியே பிரதான சிகரத்துக்கு வந்து, அந்தப் பக்கத்தால் இறங்கினார்கள். டுப்ளா காணாமற் போய் இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு, எதிர்த்திசையில். அவர்களும் ஒரு கயிற்றில் இருவராகத்தான் போனார்கள். பிரதான சிகரத்தின் பக்கத்தில் இறங்குவழியை ஆயத்தம் செய்துவைக்க ஆட்கள் நின்றார்கள். நூல்களில் அவர்களின் பெயர்களைத் தேடிப்பிடிப்பது சிரமம்.

பதிவுகள் எதை விடுகின்றன என்பது பற்றி யுங்கோ தபேய் சொன்ன ஒன்று எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. எவரெஸ்ற்றில் ஏறிய முதற்பெண் அவர். 1975 மே 16இல், மூன்று வயது மகளை வீட்டில் விட்டுவிட்டு வந்து ஏறியவர். பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர் பனிச்சரிவு கூடாரத்தோடு அவரை மூடி, மயங்கிய நிலையில் இழுத்தெடுத்திருந்தார்கள். எவரெஸ்ற்றிலும் தென்முடிக்கும் உச்சிக்கும் இடையில் ஒரு கூர்முகடு இருக்கிறது. முன்னர் ஏறியவர்களின் அறிக்கைகள் எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போனவருக்கு அந்த முகடு அங்கே திடீரென்று எதிர்ப்பட்டது. மேலுடம்பு சீனாவின் பக்கமும் கால்கள் நேபாளத்தின் பக்கமுமாகப் பக்கவாட்டில் ஊர்ந்து கடந்தாராம். அந்த நேரத்தில் தனக்குப் பயத்தைவிடக் கோபமே வந்தது என்று பிறகு சொல்லியிருக்கிறார். இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று ஒருவராவது எழுதிவைத்திருக்கக் கூடாதா என்று. அந்த முகட்டைக் கடந்துதான் 2016 மே 21இல் இலங்கையின் ஜயந்தி குரு உதும்பாலவும் உச்சிக்குப் போனார். எவரெஸ்ற்றில் ஏறிய முதல் இலங்கையர் ஒரு பெண் என்பதை எமது பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது சொல்லவேண்டும்.

முகடு கடக்கப்பட்ட அதே 1976இல், செப்ரெம்பரில், நந்தாதேவியில் ஓர் இளம்பெண் இறந்தாள். அவள் பெயரும் நந்தாதேவி. அமெரிக்கரான வில்லி அன்சோல்ட் இளம்வயதில் இந்தியாவில் திரிந்தபோது அந்த மலையைக் கண்டு, மகள் பிறந்தால் இந்தப் பெயர்தான் என்று முடிவு செய்து, அப்படியே வைத்தார். அன்சோல்ட் முகட்டுப் பயணத்தின் அருமை தெரிந்தவர். 1963 மே 22இல் அவரும் வைத்தியரான ஹோர்ண்பைனும் எவரெஸ்ற்றின் மேற்கு முகட்டால் ஏறி, தாம் ஒருநாளும் காணாத தெற்குப் பக்கத்தால் இறங்கினார்கள். இருட்டிவிட்டது. அந்தப் பக்கத்தால் ஏறி இறங்கிக்கொண்டிருந்த தங்கள் கூட்டாளிகள் இருவரைக் குரல் கொடுத்துக் கொடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். நால்வரும் கூடாரமின்றி அந்த இரவை வெளியில் கழித்தார்கள். அன்சோல்டுக்கு ஒன்பது கால்விரல்கள் போயின. உயிர் இருந்தது.

பதின்மூன்று வருடங்களின் பின் மகளையும் அழைத்துக்கொண்டு மகளின் பெயர் கொண்ட மலைக்கு வந்தார். அவளுக்கு 22 வயது. அணியில் பெண்கள் வேண்டாம் என்று வெளிப்படையாகவே வாதிட்டவர்கள் இருந்தார்கள். செப்ரெம்பர் 1இல் மூவர் உச்சியை எட்டினார்கள். தேவி ஏறத்தாழ 7,300 மீற்றர் உயரத்திலிருந்த கடைசிக் கூடாரத்துக்குப் போனாள். வயிற்றுக்கோளாறு கீழே இருந்தபோதே தொடங்கியிருந்தது. மேலே நாட்கள் கழிந்தன, காலநிலை விடவில்லை. 8ஆம் திகதி காலை இறங்க ஆயத்தமானபோது திடீரென்று மோசமாகி, தந்தையின் கண்முன்னால் இறந்தாள். உடலை மலைக்கே கொடுத்தார்கள்.

இதை வைத்தியராக வாசிக்கும்போது கை பதறுகிறது. அவ்வளவு உயரத்தில் வயிற்றுநோயோடு பல நாள் தங்கவிடக் கூடாது என்று இன்று சொல்வோம். பரிசோதனை எதுவும் இல்லாமல் என்ன காரணத்தால் இறந்தாள் என்று அடித்துச் சொல்லவும் மாட்டோம். ஆனால் அவளுடைய மரணத்தைக் காட்டி, பெண்களைக் கூட்டிப்போனதுதான் பிழை என்று பேசியவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. 1951இல் இரண்டு ஆண்கள் போய்ச் சேரவில்லை. ஆண்கள் மலைக்குப் போகக்கூடாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

அதற்கான மறுமொழி ஐந்து வருடத்தில் வந்தது. 1981இல் கேணல் பல்வந்த் சந்து தலைமையில் போன இந்திய அணியில் ரேகா சர்மா, ஹர்ஷ்வந்தி பிஷ்ட், சந்திரபிரபா ஐத்வால் ஆகிய மூன்று பெண்களும் பிரதான சிகரத்தில் ஏறினார்கள். ஹர்ஷ்வந்தி பொருளியல் பேராசிரியை. 2021இல் இந்திய மலையேறும் நிறுவனத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதற்பெண். மூவருமே மலை மாவட்டத்துக் குடும்பத்துப் பிள்ளைகளாக இருந்தால் இந்தக் கதை இன்னும் அழகாக இருக்கும். ஐத்வாலும் பிஷ்டும் உத்தராகண்டைச் சேர்ந்தவர்கள் என்பது எங்களுக்குப் போதும்.

மலைக்குப் போகும் வாசலில், ரிஷிகங்கை வெளியே வரும் இடத்தில், ரெணி என்ற கிராமம் இருக்கிறது. 1974 மார்ச் 26இல் ஆண்கள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது, கௌரா தேவி என்ற விதவை ஊர்ப் பெண்களையும் சிறுமிகளையுமாக 27 பேரைக் கூட்டிக்கொண்டுபோய் மரங்களுக்குமுன் நின்றார். சிப்கோ என்று உலகம் அறிந்தது அதைத்தான். பாடசாலைக்குப் போகாத பெண். 1980களின் தொடக்கத்தில் மலையின் உட்பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டு மலையேறிகளுக்கு மூடப்பட்டது. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 2021 பெப்ரவரி 7இல் அதே ரிஷிகங்கையில் பனியும் பாறையுமாக இறங்கிய வெள்ளத்தில் இருநூறு பேருக்கு மேல் இறந்தும் காணாமலும் போனார்கள். மலை மூடப்பட்டிருந்தாலும் அதன் அடியில் ஆட்கள் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் வாசித்த பிறகும் எங்கள் பேச்சு 1951க்கே திரும்பத் திரும்ப வருகிறது. ஏன் என்று எங்கள் வகுப்பாருக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறோம்.

1993இல் எங்களில் ஒருத்தி கொழும்புக்குப் போவதற்காகக் கிளாலிக்குப் போனாள். அப்போது குடாநாட்டிலிருந்து வெளியேற வேறு பாதை இல்லை. இரவில், விளக்கில்லாமல், வள்ளத்தில் அந்தக் கடல்நீரேரியைக் கடக்கவேண்டும். அக்கரையில் அவளுடைய மாமா நின்றார். வள்ளங்கள் வந்தன. அவள் இருந்த வள்ளம் வரவில்லை. மூன்றாம் நாள், போகவேண்டாம் என்று சொன்னவர்களையும் தள்ளிவிட்டு, அவர் ஒரு வள்ளக்காரரைப் பிடித்து, எல்லோரும் வந்த திசைக்கு எதிராக இரவில் கிளாலிக் கரைவரைக்கும் போனார். வழியெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக வள்ளக்காரர் பிறகு சொன்னார். கிளாலிக் கரையில் விடிந்தது. திரும்பிப் பார்த்தால் முழுக் கடலும் கண்ணுக்குமுன் கிடந்தது.

மாமா சில வருடங்களுக்குமுன் காலமானார். அந்த இரவைப் பற்றி எங்கள் யாரிடமும் அவர் வாய் திறந்ததில்லை. வள்ளக்காரர் சொன்னதை அவளுடைய தாயார்தான் எங்களுக்குச் சொன்னார்.

மணல்மேட்டுக்கு முன்னால் நின்று, நடுவில் ஏலாமல் போனால் என்ன செய்வது என்று ரீச்சரைக் கேட்டவள் அவள்தான்.

இந்த மலரில் 1990ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் படம் இருக்கிறது. யாரோ ஒருவருடைய வீட்டில் தகரப்பெட்டிக்குள் கிடந்து, யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் போய்த் திரும்பிய படம். ஒரு மூலை கறையான் தின்றுவிட்டது. இரண்டாம் வரிசையில் இடமிருந்து நாலாவதாக, பின்னலை முன்னால் விட்டுக்கொண்டு நிற்கிறாள். முதலில் கிடைத்த பெயர்ப்பட்டியலில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. தாயாரிடம் கேட்டு, பெயரை எழுதி, மலர்க்குழுவிடம் கொடுத்திருக்கிறோம்.